பரலுக்கு அரை லீட்டர்

கனமூலை
10.04.2014

அன்புள்ள ஜெமீல் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இவரை இழந்து நான் வீட்டோடு இருக்கும் இத்தா முடிய இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது. அதுவரை தோட்டப் பக்கம் வர முடியாது. உங்களோடு போனில் கதைப்பது மாமிக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் களை பிடுங்க வரும் றஹ்மத் உம்மாவிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

உங்கள் தம்பி மௌத்தாகி மூன்றாம் நாள் மாமியும் நீங்களும் தாயும் மகனுமாய்ப் பேசியதை நான் மறக்கவில்லை. இந்த வெட்டில் புதினாவை அவிக்கும் தகரப் பீப்பாயில், ஒரு பரலுக்கு அரை லீட்டர் எண்ணெய் இறங்கினால் தோட்டம் என் பொறுப்பில். குறைந்தால் முந்தல் ஊர் ஆட்களின் இறால் வளர்க்கும் குளத்துக்கு. உப்புத் தண்ணீர் ஏறின மண்ணில் பிறகு புல்லும் முளைக்காது மச்சான்.

ஆகவே கேளுங்கள். இது கறிக்குப் போடும் மிஞ்சி இலை இல்லை, எண்ணெய்ப் புதினா. இலை பெருத்தால் சந்தோசப்படாதீர்கள். யூரியா இனி ஒரு பிடியும் வேண்டாம். மொட்டுக் கண்டதும் தண்ணீரை நிறுத்துங்கள். செடி கொஞ்சம் வாடினால்தான் இலையில் எண்ணெய் கூடும். போன முறை நாங்கள் தண்ணீரைக் கொட்டிக் கொட்டியே முந்நூறு மில்லியோடு நின்றோம்.

தங்கச்சி அலீமா


27.04.2014

தங்கச்சி அலீமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். வீட்டுக்குள் இருந்துகொண்டே பெரிய விவசாய அதிகாரி மாதிரி உத்தரவு போடுகிறீர்கள். தம்பி நூர்தீன் எப்படித்தான் சமாளித்தானோ! மொட்டுக் கண்டு பத்து நாளுக்கு மேலாகிறது. தண்ணீரை நிறுத்தியாயிற்று. ஒரு கொத்து அனுப்புகிறேன், பாருங்கள். உம்மா தேத்தண்ணியில் ஒளித்துச் சீனி போடுகிறா, அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

ஜெமீல்


29.04.2014

மச்சான்,

ஸலாம். கொத்து வந்தது. தண்டை முறித்தேன், விரலெல்லாம் தண்ணீர். இலை வெற்றிலை அளவு. கசக்கி முகர்ந்தாலும் வாசம் வர யோசிக்கிறது. தண்ணீர் நிறுத்திய செடியா இது? றஹ்மத் உம்மாவைப் பிடித்துக் கேட்டேன். "பின்னேரத்துல மோட்டர் ஓடுது பிள்ள. உங்கக்கிட்ட சொல்ல வேணாம் எண்டு சொன்னாரு" என்றா.

இறால்காரர் வந்து காணியை அளந்ததும் உண்மையா? காணிதான் வேண்டுமென்றால் நேரே எடுத்திருக்கலாமே, பயிரைக் கெடுத்துத்தான் எடுக்க வேண்டுமா? வயிறு எரிகிறது மச்சான்.

அலீமா


01.05.2014

தங்கச்சி,

அளந்தது உண்மை. உம்மா வரச் சொன்னா, வந்தார்கள். ஆனால் நான் பயிரைக் கெடுக்க நினைக்கவில்லை.

பதினெட்டாம் திகதி ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிக்கு வெளியே வருகிறேன். பெரியவர் லத்தீப் காக்கா எல்லாருக்கும் கேட்கும்படி, "இத்தாவில இரிக்கிற பொம்புளட பயிர வாட உட்டுட்டு நீ தொழ முன் ஸப்புல வந்து நிக்கிறியோ?" என்றார். எனக்கு முகம் கறுத்துப் போனது. அன்றைக்கே மோட்டரைப் போட்டேன். மறுநாள் யூரியாவும் எறிந்தேன். ரோட்டால் போகிறவர்கள் பச்சையைப் பார்த்து வாயை மூடினார்கள். உங்களிடம் மறைத்தது பிழைதான். ஆனால் என்னைக் கள்ளன் என்று நினைத்துவிட்டீர்களே, அது சுடுகிறது.

இனி என்ன செய்வது, சொல்லுங்கள்.

ஜெமீல்


02.05.2014

மச்சான்,

கள்ளன் என்று நான் எழுதவில்லை. எழுதியதைத் திரும்ப எடுக்கவும் இல்லை.

இனி வெட்டும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் காட்ட வேண்டாம். யார் கேட்டாலும் அலீமா சொன்னாள் என்று சொல்லுங்கள், ஏச்சு எனக்கு வரட்டும். பத்து நாள் போக, நல்ல வெயில் பார்த்து வெட்டுங்கள். நிலத்திலிருந்து நாலு விரல் விட்டு வெட்ட வேண்டும். வெட்டியதை ஒரு நாள் நிழலில் பரப்பி வாட விட்டு, பிறகு பரலில் அடைத்துக் காய்ச்சுங்கள். மழை வராமல் துஆக் கேளுங்கள். நானும் கேட்கிறேன்.

அலீமா


16.05.2014

தங்கச்சி அலீமாவுக்கு,

எல்லாம் நீங்கள் சொன்னபடியே செய்தேன். மழையும் வரவில்லை. போத்தலைத் தூக்கிப் பிடித்து மூன்று தரம் பார்த்தேன். நானூற்றி இருபது மில்லி. அரை லீட்டர் இல்லை.

அந்த யூரியா விழாமல் இருந்தால் வந்திருக்கும். அதை எறிந்தது என் கை. உம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அரை லீட்டர் என்று சொல்லிவிடட்டுமா? உம்மா போத்தலை அளக்கப் போவதில்லை. ஓம் என்று மட்டும் எழுதுங்கள், போதும்.

ஜெமீல்


17.05.2014

மச்சான்,

வேண்டாம். நானூற்றி இருபது என்று மாமியிடம் நானே சொல்லிவிட்டேன். "அப்ப பேசினது பேசினதுதான்" என்றா. பொய் சொல்லித் தோட்டத்தை வைத்திருந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்துகொண்டு நிற்க வேண்டும். எனக்கு அது ஏலாது.

ஆனால் ஒன்று. அந்தப் பேச்சைப் பேசியது நீங்கள் இரண்டு பேரும். நான் உள்ளே அழுதுகொண்டிருந்தேன், என்னிடம் யாரும் கேட்கவில்லை. காணி இவர் பெயரில் இருக்கிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. மார்க்கப்படி அதில் நாலில் ஒரு பங்கு எனக்கு. பள்ளி மௌலவிக்கு எழுதிக் கேட்டேன், ஓம் என்று பதில் வந்திருக்கிறது.

ரோட்டுப் பக்கமாக, குளம் வெட்டும் இடத்திலிருந்து முடிந்த அளவு தள்ளி, என் பங்கை அளந்து வேலி போடுங்கள். அதில் புதினா நிற்கும். மிச்சத்தில் இறாலோ உப்போ, உங்கள் விருப்பம்.

நீங்கள் நல்லவர் என்று எனக்குத் தெரியும். ஊருக்குப் பயந்தவர் என்றும் இப்போது தெரியும். அளக்கிற அன்றைக்கு யார் பக்கம் நிற்பீர்களோ, அது உங்கள் மனசு. எங்கே நின்றாலும் என் பங்கு என் பங்குதான்.

நூர்தீனின் மனைவி
அலீமா