மாமா சொன்னால் பாதி

வைத்திக்குப்பம், புதுச்சேரி
3.2.2006

பிரான்சில் துலூஸ் நகரை ஆளும் மருமகள் சுடர்விழிக்கு,

வங்கக்கடலின் முடிசூடா மன்னர் அம்மாவாசை மாமா, ஒரு கையால் ஆசி வழங்கி மறு கையால் சுண்டல் தின்றபடி எழுதுவது. உன் அம்மா அஞ்சலாட்சி நலம். என்னைத் திட்டும் தெம்பு குறையவில்லை.

"உயிரோட ஒரு மடவை பிடிச்சு, நீந்தும்போது வால் நொடிக்கு எத்தனை தடவை ஆடுதுன்னு பாத்துச் சொல்லு மாமா" என்று போனில் கேட்டாய். அதே மாதிரி ரப்பர் மீன் செய்து, வயிற்றில் மோட்டார் வைத்து நீந்த விடப்போகிறாயாம். மீன் பிடிக்கும் குடும்பத்தில் மீன் செய்கிறவள் நீ ஒருத்திதான்.

சுனாமி அலை வந்த நாளிலிருந்து பதின்மூன்று மாதமாக நான் கடலில் கால் வைக்கவில்லை. உனக்காகக் கட்டுமரத்தைத் தள்ளினேன். மூன்றாவது அலை லைட்ஹவுஸ் உயரம். உச்சியிலிருந்து பார்த்தால் துலூஸ் தெரிந்தது, நீ சன்னலில் துணி காயப்போட்டிருந்தாய். இறங்கும்போது ஒரு யானை என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இடது கையையும் மிதித்தது. கரை வரைக்கும் கூடவே வந்தது, ஒரு துடுப்புகூடப் போடவில்லை.

மடவையைப் பழைய ஐஸ் பெட்டியில் விட்டு, மோட்டார் வைத்துக் கடல் தண்ணீரை ஒரு பக்கமாக ஓடவிட்டேன். எதிர்த்து நின்று நீந்தியது. நீ அனுப்பிய கேமராவில் படம் பிடித்து, தேவதாஸ் கடை டிவியில் மெதுவாக ஓட்டி எண்ணினேன். நொடிக்கு எட்டு. எழுதிக்கொள். கேசட் பார்சலில் வருகிறது, எப்போது சேருமோ.

இப்படிக்கு,
கடலரசன் மாமா


துலூஸ்
19.2.2006

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் படித்துச் சிரித்ததில் கூட வேலை செய்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோபிக்க வேண்டாம், "மாமா சொன்னா பாதி" என்பது அம்மா எனக்குச் சோற்றோடு ஊட்டிய சட்டம். எட்டு என்றீர்கள், நான்கு வைத்தேன். யானையைப் பாதியாக்கினேன், எருமைக்கன்று வந்தது. சுக்குக் கஷாயம் குடியுங்கள், இறங்கிவிடும்.

ஆனால் என் மீன் நீந்தவில்லை மாமா. தொட்டியில் தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டால், பின்னால் தள்ளப்பட்டுச் சல்லடையில் ஒட்டிக்கொள்கிறது. மார்ச் 15 அன்று ஐந்து பேராசிரியர்கள் முன்னால் அது நீந்த வேண்டும். மூன்று வருட ஆராய்ச்சி. பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை. கேசட் இன்னும் வரவில்லை.

அன்புடன்,
சுடர்விழி


வைத்திக்குப்பம்
1.3.2006

மருமகளுக்கு,

என் வாயிலிருந்து நாற்பது வருடத்தில் ஒரே ஒரு உண்மை வந்தது. அதையும் இரண்டாக வெட்டிவிட்டாய். எட்டு என்றால் எட்டு. வேண்டுமானால் மடவையையே சாட்சிக்கு அனுப்பியிருப்பேன், உன் அம்மா குழம்பு வைத்துவிட்டாள்.

இங்கே ஒரு சின்னப் பையன் டாக்டர் என்று சொல்லிக்கொண்டு என் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிறான். ரேடியோ நாடகம் கேட்பது போல அவ்வளவு கவனம். கதை பிடித்துவிட்டது போலிருக்கிறது, வாரா வாரம் வரச் சொல்கிறான்.

பயப்படாதே. பயப்படுவதற்கு நம் குடும்பத்தில் வேறு ஆள் இருக்கிறது.

மாமா


துலூஸ்
16.3.2006

மாமா,

கேசட் 13ஆம் தேதி வந்தது. ஒவ்வொரு படமாக நிறுத்தி எண்ணினேன். எட்டு. மோட்டாரை எட்டுக்கு மாற்றினேன். நேற்று எல்லார் முன்னாலும் என் மீன் தண்ணீரை எதிர்த்துத் தொட்டியின் முழு நீளத்துக்கும் போயிற்று. கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

கேமராவை நிறுத்த மறந்துவிட்டீர்கள் மாமா. மீன் முடிந்த பிறகும் படம் ஓடுகிறது. நீங்கள் ஐஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஈர மணலில் உட்காருகிறீர்கள். "ஏன்டா தம்பி இப்பிடி வேர்க்குது" என்று அம்மா கேட்கிறாள். "சும்மா இரு. சுடருக்கு எழுதிடாத" என்கிறீர்கள்.

எட்டு உண்மையென்றால் யானையும் உண்மையா? போன் செய்தால் "அவன் தூங்குறான்" என்று அம்மா வைத்துவிடுகிறாள். நான் சிரித்தேனே மாமா. கஷாயம் குடிக்கச் சொன்னேனே. உடனே எழுதுங்கள்.

சுடர்


வைத்திக்குப்பம்
27.3.2006

சுடரு,

யானை இல்லை. நெஞ்சு வலி. இரண்டு ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது என்கிறார்கள். ஏப்ரல் 11, செவ்வாய்க்கிழமை காலை ஆபரேஷன். அம்மாவை நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன். அவளைத் திட்டாதே.

இன்னொன்று. அலை வந்த அன்று நாலு பேரைத் தூக்கி வந்தேன் என்று உன்னிடம் சொன்னேன். நீ இரண்டு என்று நம்பியிருப்பாய். ஒருவரையும் தூக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். மடவைக்காகக் கடலில் இறங்கியபோதும் அந்தப் பயம்தான். இப்போது அதைவிட அதிகம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதைப் பாதியாக்காதே.

உன் மீன் நீந்தியதில் சந்தோஷம்.

அம்மாவாசை


துலூஸ்
6.4.2006

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒரு பொய்கூட இல்லை. என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான்.

13ஆம் தேதிக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. இந்தக் கடிதம் முன்னால் வருமோ நான் வருவேனோ தெரியாது. எப்படியும் அந்தச் செவ்வாய்க்கிழமை முடிந்திருக்கும்.

அன்று நீங்கள் ஓடியதால்தான் எனக்கு மாமா இருக்கிறார். அதை நான் யாரிடமும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கட்டில் பக்கத்தில் வந்து நிற்கிறேன். ஆபரேஷனில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். டாக்டர்கள் நூறு பேர் என்று சொல்லுங்கள், கத்தி கட்டுமரம் நீளம் என்று சொல்லுங்கள், யானையை வெளியே எடுக்கக் கிரேன் வந்தது என்று சொல்லுங்கள். முழுசாக நம்புகிறேன்.

ஏதாவது சொல்லுங்கள், மாமா.

உங்கள்
சுடரு