இடது ஓரத்து முழங்கை

வாலரூ,
அக்டோபர் 14

கெல்வினுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கிப் பார்த்தேன், கை வரவில்லை. ஆகவே வெறும் கெல்வின். இங்கே நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் வலைப்பூவில் நாள் தவறாமல் தொப்பையைக் காட்டிக்கொண்டு நிற்கிறாயே, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தொலைபேசியில் என் எண்ணைத் தடுத்துவிட்டாய். வலைப்பூவில் பின்னூட்டம் போட்டால் உடனே அழித்துவிடுகிறாய். கடிதத்தை அழிக்க வேண்டுமானால் எழுந்து போய்த் தீப்பெட்டி தேட வேண்டும். காரின் பின்னால் இழுத்துப் போகும் நம் காரவன் வீட்டில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று உனக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் செடூனா தபால் நிலையத்துக்கு எழுதுகிறேன். நீ அங்கேதான் தபால் வாங்கிக்கொள்கிறாய் என்று உன் தங்கையே சொன்னாள்.

வீட்டில் மழைநீர்த் தொட்டியின் குழாய் ஒழுகியது, நானே மாற்றிவிட்டேன். எலுமிச்சை இந்த வருடம் கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கிறது. உன் நாய் முதல் மாதம் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது, இப்போது உன் நாற்காலியில் ஏறிப் படுக்கிறது. நானும் விரட்டுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டர் முடிந்த கையோடு நீ காரவனை இழுத்துக்கொண்டு போனாய். பக்கத்து இருக்கையில் ரோண்டா. பௌல்ஸ் கிளப்பில் என் பக்கத்திலேயே நின்று பந்து உருட்டியவள், என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து தேநீர் குடித்தவள். அதைக்கூட நான் விழுங்கிக்கொண்டேன். போகிறவனைக் கட்டிவைக்க முடியுமா? ஆனால் போன சூட்டோடு 'கெல்வினின் சக்கரங்கள்' என்று ஒரு வலைப்பூ தொடங்கினாயே, அதைத்தான் விழுங்க முடியவில்லை.

நாம் இருவரும் போன ஊர்களையெல்லாம் 'நான் போனேன், நான் கண்டேன்' என்று எழுதியிருக்கிறாய். நான் இறைச்சி அடைத்துச் சுடும் பேஸ்டியை 'ரோண்டாவின் கைப்பக்குவம்' என்று செய்முறையோடு போட்டிருக்கிறாய். உள்ளே வைக்கும் டர்னிப் கிழங்கைத் துருவக் கூடாது, சீவித்தான் போட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். எல்லாவற்றுக்கும் மேலே, முகப்பில் அந்தப் படம். நீ கூரல் மீனைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறாய். அது நான் பிடித்த மீன், கெல்வின். கரையில் நின்று ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டி இழுத்தவள் நான். நீ ஓடி வந்து வாலைப் பிடித்தாய், அவ்வளவுதான். படத்திலிருந்து என்னை வெட்டிவிட்டாய். சரியாகவாவது வெட்டினாயா? இடது ஓரத்தில் என் முழங்கை நிற்கிறது. பூப்போட்ட சட்டையும் தெரிகிறது.

அந்த முழங்கையைப் பார்த்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு மாக்ஸின் வந்து பார்த்துவிட்டு, "அடியே கிளெனிஸ், மூக்கச் சிந்தி என்னடி ஆகப் போகுது? அவன் ஒண்ணு ஆரம்பிச்சா நீ ஒண்ணு ஆரம்பி. ஸ்கோன் சுடுறத விடச் சுலுவு, எங்க மச்சானே ஒண்ணு வச்சிருக்கான், அந்தத் தத்தி!" என்று திட்டினாள். உண்மையிலேயே சுலபமாகத்தான் இருந்தது. கணினி பெயரைக் கேட்டது, 'கிளெனிஸின் கிளிஞ்சல்கள்' என்றேன். எதைப் பற்றி என்று கேட்டது, பயணமும் பொழுதுபோக்கும் என்று தட்டினேன். பின்னணிக்கு இளநீலம் வைத்தேன். முதல் பதிவில் எங்கெங்கே என்னென்ன சிப்பி பொறுக்கினேன் என்று எழுதினேன். மாக்ஸினும் அவள் மச்சான் பாரியும் மட்டும்தான் படித்தார்கள்.

பிறகு மெல்ல ஆட்கள் வந்தார்கள். யார் எந்த ஊரிலிருந்து படிக்கிறார்கள் என்று ஒரு வரைபடம் காட்டும், உனக்கும் தெரிந்திருக்கும். அதில் தினமும் காலையில் ஒரு புள்ளி மினுங்கும். நீ எந்த ஊரில் நிற்பதாக உன் வலைப்பூவில் எழுதுகிறாயோ அதே ஊரில். நீ படிக்கிறாய் என்று தெரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்தப் புள்ளிக்காகவே சில நாள் எழுதினேன்.

செப்டம்பரில் அந்தப் புள்ளி வருவது நின்றது. அப்போது நீ ஒரு படம் போட்டாய். ரோண்டா இரண்டு கையிலும் கிழங்கான் மீன்களை அள்ளிப் பிடித்திருக்கிறாள். 'எங்கள் இரகசிய இடம்' என்று தலைப்பு. பின்னூட்டத்தில் ஒருவன், "அண்ணே, எங்க புடிச்சீங்க?" என்று கேட்டதற்கு, "வாயிலதான் தம்பி, வேறெங்க?" என்று பதில் சொல்லியிருந்தாய். நல்ல மீன்காரன் நீ. குன்றை வெட்டிவிட்டாய், அடிவானத்தை வெட்டிவிட்டாய், வண்டித்தடம்கூடத் தெரியவில்லை. மீன்காரர்கள் எல்லோருமே இப்படித்தான், மேலே உள்ளதை எல்லாம் மறைப்பீர்கள். காலடியைப் பார்க்க மாட்டீர்கள்.

ரோண்டாவின் காலடியில் செம்மஞ்சள் விளிம்பு வைத்த சின்னச் சின்னக் கிளிஞ்சல்கள் கிடந்தன. நான் குனிந்து பொறுக்கும்போதெல்லாம் "செத்த பூச்சி வீட்டுக்கு வாடகைக்குப் போறியா?" என்று கேலி செய்வாயே, அதே கிளிஞ்சல்கள். நாம் சுற்றிய அத்தனை கரையிலும் அது கொட்டிக் கிடப்பது ஒரே ஒரு இடத்தில்தான். பத்து வருடத்துக்கு முன் அங்கே ஒரு மத்தியானம் நின்றோம். கடல் கொந்தளிப்பாக இருந்தது, தூண்டில் போட முடியவில்லை என்று நீ முணுமுணுத்தாய். நான் ஒரு வாளி நிறையப் பொறுக்கினேன்.

நான் மீனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதினேன் என்று எவனாவது சொன்னால் என் நாக்கு அழுகட்டும். கிளிஞ்சலைப் பற்றித்தான் எழுதினேன். உடைந்த காற்றாலைக்கு அப்புறம் எங்கே திரும்ப வேண்டும், எத்தனை பண்ணை கேட்டைத் தாண்ட வேண்டும், மணலில் புதையாமலிருக்க எந்த இடத்தில் சக்கரக் காற்றைக் குறைக்க வேண்டும், எல்லாம் விவரமாக. கடைசியில், 'இந்த அழகான கிளிஞ்சல்களை இந்தப் பெரியவரின் படத்தில் காணலாம்' என்று உன் ரோண்டா படத்துக்கு ஒரு சுட்டி கொடுத்தேன். பார்த்தவர்கள் கிளிஞ்சலையா பார்த்திருப்பார்கள்?

நீண்ட வார இறுதி முடிந்து பாரி அந்தக் கரையிலிருந்து திரும்பி வந்து சொன்னதை மாக்ஸினும் நானும் வாசலில் நின்று கேட்டோம். "அய்யோ, கண்கொள்ளாக் காட்சி! வண்டிமேல வண்டி. உன் புருசன் காரவன் நடுவுல மாட்டிக்கிச்சு, முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் எடுக்க முடியல. ஒரு பக்கம் ஜெனரேட்டர், ஒரு பக்கம் பாட்டு. ரோண்டா மூஞ்சியப் பாக்கணுமே! 'எந்தப் பரதேசி சொன்னது'ன்னு கெல்வின் கத்துறான், பக்கத்துல ஒருத்தன் போனத் திறந்து உன் பக்கத்தக் காட்டுறான்!" என்றான். சிரித்துச் சிரித்து மாக்ஸினுக்கு விக்கல் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். இந்த ஆறு மாதத்தில் அவ்வளவு இனிப்பாக எதுவும் என் வாயில் பட்டதில்லை.

இதற்கு எனக்கும் கூலி கிடைத்தது, அதையும் எழுதிவிடுகிறேன். தூண்டில் கடை மெர்வ் எனக்கு இரைக்கு மட்டி தர மாட்டேன் என்கிறான். "புருசன் ஓடிப்போனா ஊரு மறந்துரும் கிளெனிஸ். மீன் எடத்தச் சொன்னத மறக்காது" என்று முகத்துக்கு நேராகச் சொன்னான். படகுத் துறையில் நான் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. நீ செய்தது அவர்களுக்கு ஒரு வாரத்துப் பேச்சு. நான் செய்தது தலைமுறைப் பழி. இந்த ஊர் நியாயம் எனக்குத் தெரியாததா? தெரிந்தேதான் செய்தேன்.

ஆனால் பாரி ஒரு வாளியில் அந்தக் கிளிஞ்சல்களை எனக்கென்று அள்ளி வந்திருந்தான். பாதிக்கு மேல் சக்கரம் ஏறி நொறுங்கியவை. அதைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. உனக்காக அழவில்லை, கெல்வின், அந்தக் கரைக்காகத்தான்.

இப்போது கவனமாகப் படி. கரண்டி விரிகுடா பத்திரமாக இருக்கிறது. கல்யாணமான வருடம் அலை கொண்டுபோன கரண்டி அடுத்த வருடம் அதே மணலில் கிடந்ததே, நாம் பேர் வைத்த அந்த இடம். கூரல் மீன் பிடித்த இடம். அதைப் பற்றியும் ஒரு பதிவு எழுதி முடித்து வைத்திருக்கிறேன். வழி, கேட், பாறை, எந்தக் காற்றுக்கு எங்கே நிற்பது, ஒன்று விடாமல். 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. ஊர் பழித்தாயிற்று, இனி எனக்கு என்ன பயம்? ரோண்டாவின் நிழல் அந்த மணலில் விழுந்தாலும் அழுத்துவேன். முகப்பில் அந்தப் படம் இப்படியே இருந்தாலும் அழுத்துவேன். நாட்டில் உள்ள காரவன் எல்லாம் அங்கே வந்து நிற்கட்டும். நாம் இருவருமே அதை இழப்போம், எனக்குச் சம்மதம்.

வேறு என்ன எழுத? உன் இரத்த அழுத்த மாத்திரைச் சீட்டு இங்கேயே கிடந்தது, இதோடு வைத்திருக்கிறேன். உப்பைக் குறை. காரவனின் இரண்டாவது டயரைப் பார், படத்தில் தேய்ந்து தெரிகிறது.

நவம்பரில் காற்று அடங்கியதும் நான் கரண்டியில் இருப்பேன், நாயோடு. நீ வர வேண்டாம். வந்தால் தனியாக வா, மூன்றாவது கேட்டைச் சாத்திவிட்டு வா. அலை திருப்பித் தந்த கரண்டியையும் கொண்டு வா, உன் காரவனில்தான் இருக்கிறது, இடது பக்க இழுப்பறையில், தீப்பெட்டிக்குப் பக்கத்தில். அதற்கு முன் அந்தப் படத்தில் என் மீதியையும் போடு.

இப்படிக்கு,
உன் படத்து முழங்கை,
கிளெனிஸ்