கோணிய வரிகள்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நான் சொல்லச் சொல்ல எழுதுவது நாம் மாத்திரை வாங்கும் மையத்து ஆலோசகர் அம்மா. நம் சங்கதி தெரிந்தவர், கூச்சப்படாதே. போனில் எனக்குப் பாதிதான் கேட்கிறது.

உன் கடிதத்தை அவர் படிக்கும் முன்பே பார்த்துவிட்டேன். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, கோணல் தெரியும். நாற்பது வருடம் டைல்ஸ் பதித்தவன். நூல் பிடித்த மாதிரி எழுதுகிறவன் நீ. இப்போது ஒரு வரி இன்னொன்றின் மேல் ஏறிக் கிடக்கிறது. கண்ணுக்கு என்ன?

இப்படிக்கு,
கைநாட்டு அண்ணன்

மார்ச் 11

அண்ணனுக்கு,

வலது கண்ணில் மூட்டம். வயசுக் கோளாறு என்று இருந்தேன். டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு சிபிலிஸ் என்கிறார், நம் பேச்சில் மேகநோய். நம் மாதிரி எச்.ஐ.வி. உள்ள உடம்பில் அது கண்ணுக்கும் மூளைக்கும் சீக்கிரம் போய்விடுமாம். முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டுமாம். நம் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லையே என்றேன். அது வேறு கிருமிக்காம்.

மாட்டேன் என்று வந்துவிட்டேன். கால் விழுந்துவிட்டால் குந்தி உட்கார்ந்து கல் பதிப்பது யார், நீங்களா?

தம்பி

மார்ச் 15

தம்பி,

போன ஆகஸ்டு, பள்ளிக்கூட வராந்தா வேலை, இரண்டாவது வாரம், வியாழன். உன் உள்ளங்கையிலும் பாதத்திலும் செம்புள்ளி. அரிப்பில்லை. சிமெண்டு சூடு என்று எண்ணெய் தடவினாய். தானே மறைந்தது. இதை டாக்டரிடம் அப்படியே காட்டு.

எனக்கு அன்றைக்கே சந்தேகம். ஐந்து வருடம் முன்னால் எனக்கும் அதே புள்ளி வந்தது. என் இடது காது கல் அறுக்கும் மெஷினால் போகவில்லை. வெட்கப்பட்டு ஐந்து மாதம் தள்ளிப்போட்டேன், அதில் போனது. முதுகுப் பிடிப்பு என்று வேலைக்கு வராத அந்தப் பதினைந்து நாளும் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நீர் எடுத்தார்கள், பெனிசிலின் ஏற்றினார்கள். மறுவாரம் இருபத்திரண்டு படிக்குக் குந்தியே கல் பதித்தேன். கலவை எடுத்துக் கொடுத்தவன் நீ.

நான் வாயைத் திறந்திருந்தால் உன் கண் இந்த நிலைக்கு வந்திருக்காது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் இது கிடைத்த அன்றே ஊசிக்குப் போ. வீட்டுக்காரியிடமும் சொல், அவளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும்.

அண்ணன்

மார்ச் 27

அண்ணனுக்கு,

நர்ஸம்மா எழுதுகிறார். ஊசி குத்தியாயிற்று, காலுக்கு ஒன்றுமில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து ஏறுகிறது, பதினான்கு நாள். பார்வை முழுதாகத் திரும்புமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் புள்ளி வந்த நாளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கச்சிதமா யாரும் சொன்னதில்லையே" என்றார்.

வீட்டுக்காரி எட்டு நாள் பேசவில்லை. நேற்று வந்து ரத்தம் கொடுத்தாள். போகும்போது பிளாஸ்க்கை என் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள்.

உங்கள் மேல் கோபம் தீரவில்லை. கடிதத்தில் திட்ட நர்ஸம்மா சம்மதிக்கவில்லை. பார்வையாளர் நேரம் சாயங்காலம் நாலு மணி. நேரில் வந்து வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

தம்பி