பாக்கு இல்லாத பார்சல்

ஆண்டாப் ஹில், மும்பை
ரமலான் பிறை இருபது

அன்புள்ள மச்சானுக்கு ஹாஃபிஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மாமியும் நம் பிள்ளை அஸ்ரினும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். மஸ்கட்டில் உங்கள் நலம்தான் இப்போது என் கவலை.

இங்கிருந்து நஜிமுதீன் காக்கா கொண்டுவந்து கொடுத்த பார்சலைப் பிரித்ததும் முதலில் பாக்குப் பொட்டலத்தைத்தான் தேடியிருப்பீர்கள். மாட்டுங்கா கடையில் நீங்கள் சொன்ன அதே ரோஸ் வாசனைப் பாக்கை வாங்கி வைத்திருந்தேன். கட்டும்போது வெளியே எடுத்துவிட்டேன். அந்த இடத்தில்தான் இந்தக் கடிதம் இருக்கிறது. கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள். போனில் சொன்னால், அறையில் எல்லாரும் இருக்கிறார்கள் என்று வைத்துவிடுவீர்கள்.

முதலில் என் சங்கதி. நோன்பு தொடங்கியதிலிருந்து வலது தாடைக்குக் கீழே வலி. பகலில் ஒன்றும் தெரியாது. நோன்பு திறக்கிற நேரம் வந்தால் சுருக்கென்று இழுக்கும், நெல்லிக்காய் போல வீங்கும், பிறகு தானே வற்றிவிடும். மாமி, "நாளெல்லாம் காஞ்ச வாயி, சட்டுனு தின்னா வலிக்கத்தாம்மா செய்யும்" என்றார்கள். பக்கத்துக் கிளினிக்கில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்றார்கள். எனக்கு வேறு பயம். உங்கள் அண்ணன் ஜெயினுலாப்தீன் மச்சானுக்கும் முதலில் ஒரு வீக்கம்தானே வந்தது. பரேல் கேன்சர் ஆஸ்பத்திரிக்கு நாம் அலைந்ததும், கடைசியில் கஞ்சித் தண்ணீர்கூட இறங்காமல் அவர் கிடந்ததும் கண்ணை விட்டுப் போகவில்லை. அஸ்ரினுக்குத் தலை பின்னும்போது, இனி யார் பின்னிவிடுவார்கள் என்று கை நின்றுவிடும்.

செம்பூரில் மானசா என்று ஒரு பல் டாக்டர் அம்மா இருக்கிறார். நம் தமிழ்தான். பல்லையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, பல்லில் ஒரு குறையும் இல்லை என்றார். வலி எப்போது வரும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்புறம் என்ன சொன்னார் தெரியுமா? "நாளைக்கு நோன்பு திறக்க இங்கயே வந்துடுங்க" என்றார். நானும் தூக்குச்சட்டியில் கஞ்சியோடு போய் அந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். சிரிக்காதீர்கள். பாங்கு சொல்வதற்கு முன்னால் மூடியைத் திறந்தேன், கஞ்சி வாசனைக்கே தாடை வீங்கிவிட்டது. அவர் நாக்குக்கு அடியில் விரலால் தடவிப் பார்த்து, படம் எடுத்துக் காட்டினார். எச்சில் வரும் குழாயில் அரிசி மணி அளவில் ஒரு கல். சாப்பாட்டை நினைத்ததும் எச்சில் ஊறும், கல் மறிக்கும், அதனால்தான் வீக்கம். பெருநாள் கழித்து எடுத்துவிடலாமாம். பயப்பட ஒன்றுமில்லை என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

ஆனால் என் பயம் போகவில்லை மச்சான். அது உங்கள் பக்கம் திரும்பிவிட்டது.

முதல் நாள் அவர் என் கையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்களுக்கு நடுவே வைக்கச் சொன்னார். சுலபமாகப் போயிற்று. எதற்கு என்று கேட்டேன். வாய் எவ்வளவு திறக்கிறது என்று எல்லாருக்கும் இப்படித்தான் பார்ப்பாராம். பாக்கு போடுகிறவர்களுக்கு முதலில் காரம் பட்டால் வாய் எரியும், பிறகு கன்னம் உள்ளே இறுகி வாய் திறப்பது குறையும், சிலருக்கு அது புற்றில் கொண்டுபோய் விடும் என்றார். புகையிலை இல்லாத பாக்குதானே என்று நான் உங்களுக்காக வாதாடினேன். பாக்கு ஒன்றே போதும் என்றார்.

குட்காவை விட்டு வெறும் பாக்குக்கு மாறிவிட்டீர்கள், இனி பயமில்லை என்றுதான் நானும் இருந்தேன். போன லீவில் பரோட்டாவைக் கிள்ளிக் கிள்ளித் தின்றீர்கள். மிளகாய் போடாமல் குழம்பு வைக்கச் சொன்னீர்கள். அஸ்ரின் பிறந்தநாளுக்குப் பலூன் ஊத முடியாமல் பக்கத்து வீட்டுக் காலித் அண்ணனிடம் கொடுத்தீர்கள். வயசாகிறது என்று நான்தான் கேலி செய்தேன். இதையெல்லாம் சொன்னதும் டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவர் எப்போது வருவார் என்று மட்டும் கேட்டார்.

மாமியிடம் இதைச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையை மண்ணில் வைத்தவரிடம் எந்த வாயால் சொல்ல?

இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நில்லுங்கள். மூன்று விரல் வையுங்கள். போகவில்லை என்றால், பெருநாள் பணம் அனுப்பாதீர்கள், அதில் டிக்கெட் எடுங்கள். போனாலும் பாக்கை விட்டுவிடுங்கள். வேலை போகும், விசா கொடுத்த கபீல் திட்டுவார் என்பீர்கள். திட்டட்டும்.

பெருநாள் அன்று வீடியோவில் பேசும்போது நான் ஒன்றும் கேட்க மாட்டேன், பக்கத்தில் மாமி இருப்பார்கள். நீங்கள் வாயைத் திறந்து சிரியுங்கள், போதும். உதட்டை மூடிக்கொண்டே சிரிக்கிறீர்கள் மச்சான், உங்கள் பல்லைப் பார்த்து எத்தனையோ நாளாகிறது.

உங்களை அல்லாஹ்வின் காவலில் ஒப்படைத்து, தூங்காமல் இருக்கும்,
ஹாஃபிஸா