ஹெண்ட்ரே மெட்டும் அக்காவும்

பிப்ரவரி 9, திங்கள்

மோர்வித் அக்கா என்னோடு பேசி இன்றோடு பதினாறு நாள். பேசினால் என் தொப்பை, என் சட்டைக் காலர், என் வாய் மூன்றையும் பத்து நிமிடத்தில் கிழித்துவிடுவாள். இப்போது காது சும்மா கிடக்கிறது.

தப்பு என்னுடையதுதான். எங்கள் கொள்ளுத்தாத்தா ஸ்லேட்டுக்கல் குவாரியில் ஜெபித்தபோது 'ஹெண்ட்ரே' என்ற ஞானப்பாட்டு மெட்டு கிடைத்தது என்பது குடும்பக் கதை. ஊர்ப் பத்திரிகையில் நான் மாற்றி எழுதினேன்: அது துறைமுகச் சாராயக்கடையில் ஒரு மாலுமி பாடியது; கொள்ளுத்தாத்தா அதை மெதுவாக்கி, எங்கள் வீட்டுப் பெயரை வைத்தார். ஊரே சிரித்தது, அக்காவைத் தவிர.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஆலயத்தில் பதினோரு பேர். ஆர்கன் ஈரத்தில் செத்து இரண்டு வருடம். அக்கா மட்டும் மெட்டைப் பாடுவாள். மற்றவர்கள் ஆல்டோ, டெனர் என்று துணைக்குரல்களாகப் பிரிந்துகொள்வோம். நான் அடிக்குரல். என் குரலைக் கேட்டால் பீப்பாய் உருள்கிறது என்பாள் அக்கா.

டெனர் பாடும் எம்ரிஸ் வாசலில் மடக்கினான்: "நம்ம மிஷனரிங்க போன இந்தியாவுல, ஷில்லாங் பக்கம்கூட உங்க மெட்டப் பாடுறாங்களாம், டெக்வின். அங்கயும் போயி சாராயக்கடைனு சொல்லிட்டு வாயேன்."

அக்கா எங்களைத் தாண்டிப் போனாள். படியில் தடுமாறினாள். நான் கை நீட்டவில்லை. ஏன் நீட்டவில்லை?

பிப்ரவரி 24, செவ்வாய்

ஆஸ்பத்திரி. அக்காவுக்கு இதயம் பலவீனமாம்.

"நான் எழுதுனது பொய்யின்னு மறுப்பு போட்டுடுறேன், அக்கா."

"போடாத. நெசந்தான். அப்பா எங்கிட்டச் சொல்லிருக்காரு."

"அப்புறம் எதுக்குக் கோபம்?"

"நாப்பது வருஷமா அதத் தனியா வச்சுக்கிட்டுச் சிரிச்சேன்டா, தடியா. ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்டச் சொல்லிருந்தா, ரெண்டு பேரும் சிரிச்சிருக்கலாம்ல?"

சிரிக்கப் பார்த்தேன் — முடியவில்லை. அவள்தான் சிரித்தாள், இருமல் வந்தது.

மார்ச் 1, ஞாயிறு

விடியற்காலையில் போய்விட்டாள்.

மார்ச் 6, வெள்ளி

அடக்கம். பனியில் பாதை மூடியதால் வெளியூர் ஆள் யாரும் வரவில்லை. நாங்கள் பத்துப் பேர்தான். 'ஹெண்ட்ரே' பாடினோம். பழக்கதோஷம், அவரவர் குரலை அவரவர் எடுத்தோம். ஆல்டோ இருந்தது, டெனர் இருந்தது, பீப்பாயும் உருண்டது. மெட்டைக் காணோம். ஒரு சரணம் முழுக்க, நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுப் பாடியிருக்கிறோம்.

இரண்டாம் சரணத்தில் நான் மெட்டுக்குப் போனேன். உச்சியில் குரல் உடைந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

இன்றும் மெட்டுதான் பாடினேன்.

"அடிக்குரலுக்கு ஆளில்லாமப் போச்சே, டெக்வின்" என்றான் எம்ரிஸ்.

"பரவால்ல" என்றேன்.