கை பார்க்கும் சனிக்கிழமை

மார்ச் 4, செவ்வாய்

முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. காலையில் இவர் கொதிக்கிற பால் பாத்திரத்தை வெறும் கையால் இறக்கி வைத்தார், அதுவும் சாவகாசமாக! நான்தான் அலறினேன். "ஏன் கத்துற?" என்கிறார். உள்ளங்கை சிவந்து கிடக்கிறது, மனிதருக்கு உறைக்கவே இல்லை.

பிறகு மெதுவாகச் சொன்னார். மூன்று மாதமாக இரண்டு கையிலும் சூடும் தெரியவில்லையாம், குளிரும் தெரியவில்லையாம். சர்க்கரையால் நரம்பு கெட்டுவிட்டது, இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நாற்பத்தேழு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இன்றைக்குத்தான் சேதி வருகிறது.

திட்டவும் மனசு வரவில்லை. கோடைக்குக் குளிர்காற்றும் குளிருக்குச் சூடான காற்றும் ஒரே பெட்டியிலிருந்து வர வைத்து, ஒரு கம்பெனியையே எழுப்பியவர். எந்தப் புது மாடலானாலும், சூடு அளக்கும் மீட்டரெல்லாம் சரி என்று காட்டிய பிறகும், கடைசியில் இவர் அதன் முன்னால் உள்ளங்கையை நீட்டிக் கண்ணை மூடி நிற்பார். இவர் 'சரி' என்றால்தான் விற்பனைக்குப் போகும். 'கை பாக்கறது' என்று தொழிலாளர்கள் அதற்குப் பேரே வைத்திருக்கிறார்கள். இப்போது கம்பெனியை நடத்துவது எங்கள் மகள். அவளே வடிவமைத்த முதல் மாடலுக்கு வரும் சனிக்கிழமை இவர் கை பார்க்க வேண்டும்.

"அவகிட்ட சொல்லிடாத. இது ஒண்ணு முடியட்டும், நானே விட்டுடறேன்" என்று கெஞ்சுகிறார். கெஞ்சுகிற ஆளா இவர்?

மார்ச் 7, வெள்ளி

திட்டம் இதுதான்: முழங்கால் வலியைச் சாக்கு வைத்து அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். காற்று நன்றாக இருந்தால் அவர் சட்டை நுனியை ஒரு இழுப்பு. எழுபத்து மூன்று வயதில் பரீட்சையில் பிட் கொடுக்கப் போகிறேன்.

மார்ச் 8, சனி

குளிர்காற்று அருமை. பிறகு சூட்டுக்கு மாற்றினார்கள். ஐந்து நிமிஷத்தில் தலை காய்கிறது, கணுக்காலில் ஜில்லென்று இருக்கிறது. பொறுத்துப் பார்த்தேன், மாறவே இல்லை. மகள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் — சின்ன வயதில் மார்க் அட்டையை நீட்டிவிட்டு நிற்பாளே, அப்படி. ஒரு இழுப்பு போதும். என் கை போகவே இல்லை. ஏன்? பெத்த பொண்ணாச்சே, இழுத்துத் தொலைச்சிருக்கலாமே! யார் வீட்டிலோ யாரோ காலைச் சுருட்டிக்கொண்டு உட்காருவார்களே என்று தோன்றிவிட்டது.

இவர் காத்திருந்து பார்த்துவிட்டு, "இல்லம்மா, சரியில்ல" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

மகள் வந்தாள். "மீட்டர்ல எல்லாம் சரியா இருக்குப்பா. என்ன குறைன்னாவது சொல்லுங்க. ரெண்டு வருஷ உழைப்பு!"

இவர் திருதிருவென்று முழிக்கிறார். நான் முந்திரிக்கொட்டை மாதிரி, "மண்டை காயுது, காலு ஜில்லுங்குதுடி" என்றேன்.

"அது உனக்கெப்படித் தெரியும்?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டோம். இவரே எல்லாவற்றையும் சொன்னார். அவள் அந்தச் சிவந்த கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். திடீரென்று எழுந்து, "ஆக, என் மெஷினை வேண்டாம்னது நீ. அப்படித்தானேம்மா?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

மார்ச் 12, புதன்

போன் இல்லை. இவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். நானும்தான்.

மார்ச் 15, சனி

வந்துவிட்டாள் மகராசி! தரையோடு ஒரு மீட்டரை வைத்துப் பார்த்தாளாம். மேலே இருப்பதைவிட ஆறு டிகிரி குறைவு. மற்ற மீட்டர்கள் ஏன் காட்டவில்லை? அவற்றைத் தாங்கும் கம்பிகள் எல்லாமே ஒரே உயரம், இவர் கை நீட்டினால் எவ்வளவோ அவ்வளவு. முதல் கம்பியை இவர் கைக்கு அளந்து செய்தார்களாம், அதன்பின் யாரும் மாற்றவில்லை.

"நாப்பது வருஷமா மீட்டரெல்லாம் உங்களுக்கு ஆமாம் போட்டிருக்குப்பா" என்றாள்.

இவர் முகம் சுண்டிப்போனது. "ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலியே" என்றார். பாவமாக இருந்தது எனக்கு.

மார்ச் 17, திங்கள்

தொழிற்சாலையில் எல்லோரையும் கூப்பிட்டு இவரே சொல்லிவிட்டார்: "என் கை செத்துப் போச்சு. மீட்டரையும் நான்தான் கெடுத்து வச்சிருக்கேன்." அப்போது பழைய வெல்டர் எழுந்து, "எங்க வீட்லயும் காலு ஜில்லுன்னுதான் இருக்கும் ஐயா. நீங்களே சரின்னுட்டீங்களேன்னு சாக்ஸ் போட்டுக்கிட்டோம்" என்றார்.

முதலில் சிரித்தது இவர்தான். கண்ணில் தண்ணீர் வர வர அப்படிச் சிரித்தார். இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இத்தனை வருஷத்தில் வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

மே 22, வியாழன்

மகள் போன் செய்தாள். மாடலைத் திருத்தியாகிவிட்டது. மீட்டர்களும் இப்போது கணுக்கால், நாற்காலி, கட்டில் என்று மூன்று உயரத்தில் நிற்கின்றனவாம். "நாளன்னைக்கு நீ வந்து உட்காரணும்மா. நீ சரின்னாத்தான் வெளிய விடுவேன்."

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நானும் துணைக்கு வரட்டுமா?"

"வாங்க. ஆனா நான் சொல்றதுக்கு முன்னாடி தலையாட்டக் கூடாது" என்றேன்.