கருவூல வராந்தாவில் கஞ்சி

சிஸ்டர்,

இன்று காலை என் மேசைக்கு ஒரு சாக்கு மூட்டை வந்தது. கட்டை அவிழ்ப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. ஏலக்காய்! காகிதமும் கோந்தும் மணக்கிற இந்த மதுரை அலுவலகத்துக்குள் போடி வந்து நின்றது. யாரோ காய்ச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே சளி உறிஞ்சுகிற நம் கால்மிதி சக்‌ஷன். அதே கண்ணாடி பாட்டில், அதே சிவப்பு ரப்பர் குழாய், காலால் மிதிக்கிற அதே துருத்தி. கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. "பழுது. கழிவு செய்யலாம்." இப்படி வருகிற கருவிகளைக் கழிக்கக் கையெழுத்துப் போடுவது இப்போது என் வேலை.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் என்னவோ ஏதோ என்று பார்த்தார். அவருக்கு என்ன தெரியும்.

உங்களுக்கு எழுத எனக்கு யோக்கியதை இல்லை என்று உங்கள் வீட்டார் சொல்லலாம். ஒன்பது வருஷம் உங்களோடு பேசாமல் இருந்தவன் நான். போன வருஷம் நீங்கள் போய்விட்ட செய்தி வந்தபோதும் உங்கள் ஊர் சிலமலைக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். லீவு கேட்கவே இல்லை.

இருந்தும் அந்த மார்ச் மாதம் இன்று முழுசாகத் திரும்பி வந்துவிட்டது.

போடியிலிருந்து மலைப்பாதை பிரிகிற இடத்தில் நம் சின்ன ஆஸ்பத்திரி. நான் கொள்முதல் கிளார்க்கு, நீங்கள் பிரசவ வார்டின் பொறுப்பு. கருவிகள் வாங்க டெல்லியிலிருந்து வருகிற பணம் சென்னையில் இளைப்பாறும், மதுரையில் படுத்துத் தூங்கும், மார்ச் கடைசி வாரத்தில்தான் கண்விழித்து நம்மிடம் வரும். முப்பத்தொன்றாம் தேதி மாலைக்குள் செலவாகவில்லை என்றால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். அந்த வருஷம் பணத்தோடு ஒரு பட்டியலும் வந்திருந்தது. சக்‌ஷன் மெஷின் ஒன்று, மின்சாரத்தில் இயங்குவது.

பட்டியலைக் கையில் வாங்கிய வேகத்தில் நீங்கள் என் மேசையில் அடித்தீர்கள்.

"எந்தா சாரே இது? கரண்டு மெஷினா? ஏற்கெனவே ஒண்ணு ஊமையா ஒக்காந்துருக்கு. அதுக்குத் தொணைக்கு ஒண்ணா?"

"டெல்லி லிஸ்ட்டுல அதான் இருக்கு, சிஸ்டர்."

"டெல்லிக்காரவுக நம்மூர்ல ஒரு ஐப்பசி இருந்து பாத்தாகளா? ஒரு இடி விழுந்தா ரெண்டு நாளைக்குக் கரண்டு கெடையாது."

அதற்கு முந்தைய ஐப்பசியில் எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் இறக்கிக் கொண்டுவந்த அந்தப் பெண்ணை நானும் பார்த்திருந்தேன். பிறந்த குழந்தையின் தொண்டையில் சளி அடைத்துக்கொண்டது. கரண்டு போயிருந்தது. மெஷின் சுவரோரம் சும்மா நின்றது. நீங்கள் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் குழந்தையின் வாயிலும் மறு முனையை உங்கள் வாயிலும் வைத்து, உறிஞ்சி உறிஞ்சித் துப்பினீர்கள். குழந்தை தங்கவில்லை. வெளியே வந்து குழாயடியில் வாய் கொப்பளித்தவர், தண்ணீர் தீர்ந்த பிறகும் நெடுநேரம் குனிந்தே நின்றீர்கள்.

அன்று நான் பட்டியலை வீட்டுக்கு எடுத்துப் போனேன். பொருளாதாரம் படித்தவன், ஆங்கிலத்தில் நல்ல மார்க்கு வாங்கியவன், இந்தக் கிளார்க்கு வேலையில் வீணாகிறேன் என்று புழுங்கிக்கொண்டிருந்தவன். அந்தப் படிப்பு பயன்பட்டது அந்த ஒரு நாள்தான். கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: மின்சாரம் நிலையில்லாத இடங்களில், காரணம் எழுதி, இணையான வேறு கருவி வாங்கலாம். சிஸ்டர், நான் துள்ளினேன்! மறுநாள் காலை பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் சைக்கிளை மிதித்து வந்து உங்களிடம் காட்டினேன். படித்துச் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். "அப்ப எழுதுங்க சாரே, வெரசா!" என்றீர்கள்.

காரணம் எழுதினேன். காலால் மிதிக்கிற சக்‌ஷனுக்கு மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கினேன். மதுரைக் கடைக்காரர் முப்பத்தொன்றாம் தேதி காலை ரயிலில் பெட்டியைப் போடுவதாகத் தந்தி கொடுத்தார். முப்பத்தொன்றாம் தேதி! அன்று மாலையோடு எல்லாம் முடிந்துவிடும்.

இதற்கெல்லாம் அலுவலகங்களில் ஒரு வழி உண்டு. பெட்டி வருவதற்கு முன்பே வந்துவிட்டது என்று இருப்புப் பதிவேட்டில் எழுதி, வார்டுப் பொறுப்பாளரின் கையெழுத்தை வாங்கி, பில்லைக் கருவூலத்தில் கொடுத்துவிடுவது. 'மார்ச் வரவு' என்போம். நல்லவர் கெட்டவர் எல்லாரும் செய்வது. பெட்டி பிறகு வரும். சில சமயம் ஆடியில் வரும். சில சமயம் உள்ளே பாதிதான் இருக்கும். பணம் போன பிறகு யாரைக் கேட்பது?

முப்பதாம் தேதி பதிவேட்டை உங்கள் முன்னால் வைத்தேன். பேனாவைக் கையில் எடுக்கவே இல்லை நீங்கள்.

"காய ஒடச்சுப் பாக்காம எந்த யாவாரி வெல கேப்பான்? எங்கப்பன் ஏலக்கா ஸ்டோருல காய் காயவச்ச மனுசன். ஏலத்துல தட்டுல கொட்டி, ஒண்ண எடுத்துப் பிதுக்கி, மோந்து பாத்துட்டுத்தான் வாயத் தொறப்பாக. நீங்க பெட்டியே வராம வந்துருச்சுன்னு எழுதச் சொல்றீக."

"பணம் திரும்பிப் போயிரும், சிஸ்டர்!"

"போகட்டும்னா சொன்னேன்? வெரசா கொண்டாங்கன்னு சொல்றேன்."

எனக்கு வந்த கோபத்தில் பதிவேட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். படிப்பில்லாத பிடிவாதம் என்று மனதுக்குள் திட்டினேன். மறுநாள் விடிந்ததும், பெட்டி வந்தால் நேரே கருவூலத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, கையெழுத்தில்லாத பதிவேட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு தாலுகா ஊருக்கு பஸ் ஏறினேன். பொருள் வந்த பிறகுதான் பில்லைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நான் கெஞ்சிக் கூத்தாடி, பொருள் வருவதற்கு முன்பே பில்லைக் கொடுத்து டோக்கன் வாங்கிவிட்டேன். கருவூலக் கிளார்க்கு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்குக் கவுண்டர் மூடுவேன். அதுக்குள்ள கையெழுத்து வரல, பில்லத் தூக்கி ஒங்க மடியில போட்டுருவேன், ஆமா."

வராந்தாவில் உட்கார்ந்தேன். மத்தியானம் போயிற்று. மூன்று மணி. ரயில் தாமதம் என்று யாரோ சொன்னார்கள். நான்கு. எழுந்து வாசலுக்கும் சுவருக்கும் நடந்தேன். நாலு இருபதுக்குப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு ஜீப்பு! மலைக்கு லோடு அடிக்கிற மொக்கச்சாமியின் ஜீப்பு. பின்னால் காய் மூட்டைகளின் மேல், வெள்ளைச் சீருடையில் நீங்கள். மடியில் மரப்பெட்டி. கையில் ஒரு தூக்குவாளி.

மொக்கச்சாமி குதித்து இறங்கினான். "அண்ணே, ரயிலு நிக்கல, அதுக்குள்ள சிஸ்டரு கார்டு பொட்டிக்குள்ள பூந்து தூக்கிட்டு வந்துருச்சு! நான் கியரு போடல, 'ஓட்டுடா ஓட்டுடா'ங்குது!"

"கையெழுத்துப் போடுங்க, சிஸ்டர்!" என்று பதிவேட்டை நீட்டினேன்.

"பொறுங்க சாரே."

வராந்தாவிலேயே பெட்டியை உடைத்தீர்கள். வைக்கோலை விலக்கிப் பாட்டிலை வைத்து, குழாயை மாட்டினீர்கள். தூக்குவாளியைத் திறந்தால் கெட்டியான அரிசிக் கஞ்சி! தொண்டைச் சளி அந்தப் பதத்தில்தான் இருக்குமாம். குழாயின் நுனியைக் கஞ்சிக்குள் விட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத் துருத்தியை மிதித்தீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி மிதித்தீர்கள். கஞ்சி அசையவில்லை. அதற்குள் கருவூலமே வராந்தாவுக்கு வந்துவிட்டது.

"ஏம்மா, இது ஆஸ்பத்திரிக்கு வாங்குனதா, அடுப்பு ஊத வாங்குனதா?" என்றார் கிளார்க்கு. எல்லாரும் சிரித்தார்கள். நாலே முக்கால் ஆகிவிட்டது.

நீங்கள் சிரிப்பைக் காதில் வாங்கவில்லை. பாட்டில் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தீர்கள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி, மூடியின் துவாரத்துக்குள் விட்டு நெம்பினீர்கள். வழியில் தூசி போகாமல் இருக்க அடைத்த காகித உருண்டை ஒன்று வெளியே வந்து விழுந்தது. மறுபடி மாட்டி, ஒரு மிதி. சர்ரென்று கஞ்சி குழாயில் ஏறிப் பாட்டிலுக்குள் பாய்ந்தது! மொக்கச்சாமி சீட்டி அடித்தான். "அடி ஆத்தாடி!" என்றார் கிளார்க்கு. நான் ஏதோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கஞ்சிக் கையோடு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டீர்கள். பக்கத்தில் உங்கள் கட்டைவிரல் அச்சும் விழுந்தது. கவுண்டர் மூடுவதற்குச் சில நிமிஷங்களுக்கு முன்னால் பில் பாஸானது.

சித்திரையில் கோடையிடி இடித்தது. கரண்டு போயிற்று. தேவாரம் ஊரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு வலி. நான் வார்டுக்கு வெளியே நின்றேன், எனக்கு அங்கே சோலி எதுவும் இல்லாவிட்டாலும். முதலில் சத்தமே இல்லை. பிறகு டப், டப் என்று மிதிக்கிற சத்தம். டப், டப். அப்புறம் குழந்தை வீறிட்டது. சிஸ்டர், அந்தச் சத்தத்துக்கு என் பங்கும் உண்டு என்று நினைத்து வராந்தாத் தூணைக் கட்டிக்கொண்டேன்.

அதோடு முடிந்திருந்தால் நாம் நண்பர்களாகவே இருந்திருப்போம். ஆடிட்டு வந்தது. பெட்டி எப்போது வந்தது என்று கேட்டார்கள். முப்பதாம் தேதியே வந்தது என்று சொல்லிவிடும்படி பெரிய டாக்டர் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். எல்லாரும் அப்படியே சொன்னார்கள். நீங்கள் மட்டும், "முப்பத்தொண்ணு சாயங்காலம் நாலு இருபது, கருவூல வராந்தாவுல" என்றீர்கள். பொருள் வருமுன் பில் கொடுத்ததற்காக எனக்குக் குற்றக் குறிப்பாணை. மூன்று வருஷ ஊதிய உயர்வு நின்றது. அடிக்குறிப்பைக் கண்டுபிடித்த பாராட்டு பெரிய டாக்டருக்குப் போனது. என்னோடு வேலையில் சேர்ந்து, வருஷம் தவறாமல் மார்ச் வரவு எழுதி மாட்டிக்கொள்ளாத ஒருவர் என்னைத் தாண்டி மேலே போனார். இவர்களில் யாரையும் நான் மன்னிக்கவில்லை. உங்களையும்தான்.

நீங்கள் ஒரு முறை என் மேசைக்கு வந்தீர்கள். "சாரே, அன்னைக்குப் பொய் சொல்லியிருந்தா, நான் போட்ட கையெழுத்து எதுக்கு ஆகும்?" என்றீர்கள். நான் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதுவே கடைசி.

இன்று காலை, என்னைத் தாண்டிப் போன அதே மனிதர்தான் என் மேசைக்கு வந்தார். என் மேலதிகாரி இப்போது. "என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற? சட்டுனு கையெழுத்துப் போடு. இதக் கழிச்சாத்தான் புதுக் கரண்டு மெஷினுக்குப் பணம் கேக்க முடியும், மார்ச்சு முடியப் போவுது. லிஸ்ட்டு நேத்தே போயிருக்கணும், நேத்துத் தேதியப் போட்டுரு" என்றார்.

நான் கேன்டீன் ஆளைக் கூப்பிட்டு ஒரு கிண்ணம் கஞ்சி கேட்டேன். "ஒடம்புக்கு முடியலையா சார்?" என்றான். கெட்டியாகக் கொண்டு வரச் சொன்னேன். துருத்தியைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று இடங்களில் சைக்கிள் டியூப் ஒட்டு. ஓர் ஒட்டின் ஓரத்தை மடித்துப் பிளாஸ்திரி போட்டிருந்த விதம், கட்டுக் கட்டுகிறபோது நீங்கள் மடிக்கிற விதம். எத்தனை வருஷம் மிதித்திருக்கிறீர்கள்! செருப்பைக் கழற்றினேன். குழாயைக் கஞ்சியில் விட்டு மிதித்தேன். ஒரே மிதி, சிஸ்டர். சர்ரென்று ஏறியது! அட்டை எழுதியவர் ஒரு முறைகூட மிதித்துப் பார்த்திருக்கமாட்டார். நான் மறுபடியும் மிதித்தேன். ஃபைலில் கஞ்சி தெறித்தது. மேலதிகாரி இரண்டடி தள்ளி நின்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

உங்கள் மேல் எனக்கிருந்த வருத்தம் தீர்ந்துவிட்டது என்று எழுதமாட்டேன். மூன்று வருஷ ஊதியம் சின்ன விஷயம் இல்லை. ஆனால் உங்கள் பிடிவாதம் எப்படியோ என் கைக்கும் வந்திருக்கிறது. இன்று சாயங்கால பஸ்ஸில், அதே சாக்கில், சக்‌ஷன் வார்டுக்குத் திரும்புகிறது. மலையில் மழை இறங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

அட்டையைக் கிழித்துப் போட்டேன். பட்டியலில் அதன் எதிரே, நேற்றைய தேதியை அல்ல, இன்றைய தேதியை எழுதினேன். "திறந்து, கஞ்சி ஊற்றி, மிதித்துப் பார்த்தேன். நன்றாக வேலை செய்கிறது. காலை பதினொன்று பத்து, என் மேசையில்." அதன் கீழே என் கையெழுத்து. பக்கத்தில் கஞ்சி படிந்த ஒரு கட்டைவிரல் அச்சு.